உங்களுக்குத் தெரியுமா? வீட்டிலேயே ஒரு மரப்படகு

● படகு கட்ட வேண்டுமென்றால் கடற்கரையோரம் பட்டறை வேண்டும், பரம்பரையாகத் தொழில் தெரிந்த ஆசாரி வேண்டும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தண்ணீரில் இறங்கிய சிறு மரப்படகுகளில் பல்லாயிரம் படகுகள் கார் ஷெட்டிலும் கொல்லைப்புறத்திலும் வீட்டுக் கூடத்திலும் பிறந்தவை. கட்டியவர்கள் குமாஸ்தாக்கள், பள்ளி ஆசிரியர்கள், அப்பாவும் பிள்ளையும். தண்ணீரில் ஊறினாலும் பிரியாத பிளைவுட்டும், பிடித்தால் விடாத பசையும் வந்ததுதான் இதற்குக் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பெருமை வரைபடம் போட்டவர்களைச் சேரும். கை பழகாத ஒருவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்று முன்கூட்டியே யோசித்து, அந்த இடத்தையே படகிலிருந்து எடுத்துவிட்டவர்கள் அவர்கள்.

● உலகெங்கும் குழந்தைகள் பாய்மரம் பழகும் 'ஆப்டிமிஸ்ட்' படகின் நீளம் 7 அடி 9 அங்குலம். ஏன் இந்த வினோதமான அளவு? பிளைவுட் ஷீட்டின் நீளம் 8 அடி. அவ்வளவுதான்!

1947ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கிளியர்வாட்டர் என்ற ஊர். அங்கே சிறுவர்கள் பெட்டிகளில் சக்கரம் பூட்டிச் சரிவில் ஓட்டும் பந்தயம் பிரபலம். தண்ணீரிலும் அதுபோல ஒன்று வேண்டும், செலவு 50 டாலருக்குள் அடங்க வேண்டும் என்று மேஜர் கிளிஃபர்ட் மெக்கே கேட்க, கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுநர் வரைந்து கொடுத்தார். 8-க்கு 4 ஷீட் இரண்டு, அதற்குள் முழுப் படகு. கூரான அணியம் வைத்தால் நீளம் போதாது, பலகையை வளைப்பதும் சிரமம். அதனால் முன்பக்கத்தைச் சப்பையாக வெட்டிவிட்டார். இன்று ஆப்டிமிஸ்ட் படகுகள் பெரும்பாலும் ஃபைபரில் வார்க்கப்படுகின்றன. சென்னைத் துறைமுகத்தில் பழகும் பிள்ளைகளுக்கும் அதே சப்பை மூக்குப் படகுதான். இரண்டு பிளைவுட் ஷீட்டுக்காகப் பிறந்த வடிவம் இன்னும் மாறவில்லை.

● சென்னையில் ஒரு கோடைகாலப் பயிற்சி முகாமில் பாய்மரம் பழகத் தொடங்கிய நேத்ரா குமணன், டோக்கியோ ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்றார். அந்த விளையாட்டில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

● ஒரு செய்தித்தாள் தன் பெயரில் படகு விற்றிருக்கிறது! லண்டனின் 'டெய்லி மிரர்' நாளிதழ் 1963இல் மக்கள் முன் வைத்த 'மிரர்' படகுதான் அது. நீளம் 10 அடி 10 அங்குலம். வெட்டிய பலகைகள், கம்பி, பசை, பாய் எல்லாம் அடங்கிய பெட்டியின் விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். பாய் சிவப்பு; அது பத்திரிகையின் நிறம்.

வடிவமைத்தவர்கள் இருவர். ஒருவர் ஜாக் ஹோல்ட், தேர்ந்த படகு வடிவமைப்பாளர். இன்னொருவர் பாரி பக்னெல், பிபிசி தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து வேலைகளை மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். இந்தக் கூட்டணியில்தான் இருக்கிறது சூட்சுமம். எந்தப் படகு நன்றாக ஓடும் என்பது ஹோல்ட்டுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரம்பம் பிடிக்கும் மனிதருக்கு என்ன வரும், என்ன வராது என்பது பக்னெலுக்குத் தெரியும். பாய்மரத்தைக்கூட இரண்டு துண்டாகப் பிரித்தார்கள். பிரித்தால் எல்லாக் கம்புகளும் படகின் நீளத்துக்குள்ளேயே அடங்கும், காரின் கூரையில் கட்டி எடுத்துப்போகலாம். இதுவரை 70,000க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் பதிவாகியிருக்கின்றன.

● மிரருக்கு முன்பே ஒரு செய்தித்தாள் இந்த வேலையைச் செய்தது. 'நியூஸ் கிரானிக்கிள்' 1956இல் அறிமுகப்படுத்திய 'எண்டர்பிரைஸ்' படகும் ஜாக் ஹோல்ட் வரைந்ததே. விளம்பரத்துக்காக இரண்டு எண்டர்பிரைஸ் படகுகள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து காட்டின.

● மிரர் படகில் ஆணியடித்துக் கோத்த எலும்புக்கூடு கிடையாது. பலகைகளைத் தைத்தார்கள்! கென் லிட்டில்டைக் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர் சிறு துடுப்புப் படகுகளுக்காக உருவாக்கிய முறை அது. இன்று வீட்டில் படகு கட்டுபவர்களில் பலரும் போவது இந்த வழியில்தான்.

செய்முறையைப் பார்ப்போம். தரையில் பிளைவுட்டை விரித்து, வரைபடத்தில் உள்ள புள்ளிகளைக் குறித்து, அவற்றை வளைகோட்டால் இணைத்து, ஜிக்சாவால் வெட்ட வேண்டும். அடிப்பலகை இரண்டு, பக்கப்பலகை இரண்டு, பின்பலகை ஒன்று. சட்டைத் துணியை வெட்டிப் போட்டதுபோல எல்லாம் தட்டையாகக் கிடக்கும். ஓரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, கம்பி நுழையும் அளவுக்கு வரிசையாகத் துளை. அடுத்தடுத்த இரண்டு பலகைகளின் துளைகளில் செப்புக் கம்பியை நுழைத்து, வெளிப்பக்கம் குறடால் முறுக்க வேண்டும். முதலில் எல்லாக் கம்பியையும் தொளதொளவென்று விட்டு, பின்பலகையும் நடுச்சட்டமும் இடத்தில் உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக இறுக்கினால், தட்டையாகக் கிடந்த பலகைகள் தாமாக வளைந்து எழும். ஒரே பிற்பகலில் கூடத்தில் ஒரு படகு நிற்கும்.

அது இன்னும் படகல்ல. இந்தக் கட்டத்தில் மூலைக்கு மூலை அளந்து பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் நூல் கட்டி, முறுக்கு விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கோணலாக ஒட்டிவிட்டால் படகு ஆயுளுக்கும் ஒரு பக்கமாகவே இழுக்கும். சரியாக இருந்தால், உட்பக்க மூட்டுகளில் எபாக்ஸியும் மரத்தூளும் குழைத்த களிம்பை வைத்து, கரண்டியின் பின்புறத்தால் இழுத்து வழவழப்பாகக் குழிக்க வேண்டும். அதன் மேல் ஃபைபர் கிளாஸ் நாடா. காய்ந்த பிறகு சிலர் கம்பியை உருவிவிடுவார்கள். சிலர் வெளியே துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் அராவிவிட்டு மீதியை உள்ளேயே விட்டுவிடுவார்கள். பலம் கம்பியில் இல்லை, அந்தக் களிம்பிலும் நாடாவிலும் இருக்கிறது.

● பலகையைத் தைப்பது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. சென்னையில் துறைமுகம் கட்டப்படும்வரை கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்தவை மசூலா படகுகள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் நார் திணித்துக் கட்டிய படகுகள் அவை. உள்ளே வங்கு என்னும் குறுக்குச் சட்டங்கள் கிடையாது. ஆணியடித்த விறைப்பான ஐரோப்பியப் படகு அந்த அலையில் மணலில் மோதினால் பிளந்துவிடும். மசூலா நெளிந்து கொடுத்துத் தப்பும்.

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மிரரில் தையல் தற்காலிகப் பிடி. மசூலாவில் தையல்தான் படகு.

● அந்தத் தையல் முறை இப்போது கடற்படையிலும் இருக்கிறது. அஜந்தா குகை ஓவியத்தில் உள்ள கப்பலை அடிப்படையாகக் கொண்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய 'கௌண்டின்யா' 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. தையல் வேலையைக் கேரளக் கைவினைஞர்கள் செய்தார்கள்.

● கம்பியால் தைத்துப் பசையால் ஒட்டும் பிளைவுட் முறை கன்னியாகுமரி மாவட்டத்துக்கே வந்திருக்கிறது. பொழுதுபோக்குக்காக அல்ல, பிழைப்புக்காக. 1980களின் தொடக்கம். வள்ளம் குடைவதற்கான பெரிய மரங்கள் அரிதாகி, விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். முட்டத்தில் இயங்கிய படகு கட்டும் மையத்தில் பியர் ஜிலே என்பவரின் வழிகாட்டுதலில் மீனவர்களுக்கான பிளைவுட் வள்ளங்கள் உருவாயின. துறைமுகம் இல்லாத கரையில் அலையைப் பிளந்து வெளியேற வேண்டும், திரும்பி வந்து மணலில் ஏற வேண்டும், ஆட்கள் சேர்ந்து இழுக்கும் எடையில் இருக்க வேண்டும். ஐரோப்பியர்கள் ஞாயிற்றுக்கிழமைக்காகச் செய்த படகுக்கு இந்தக் கேள்விகளே கிடையாது. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் பழகிய கடலோடிகள் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லச் சொல்ல வடிவம் மாறியது. பிறகு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தன் பட்டறைகளில் இத்தகைய வள்ளங்களை ஏராளமாகக் கட்டியது. ஜிலே தன் அனுபவத்தை 1985இல் நூலாகவும் எழுதினார். பின்னர் ஃபைபர் படகுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வீட்டுப் படகு முறைகளுக்கு இதைவிடக் கடுமையான சோதனை எங்கும் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

● ஒரு தாளை எடுத்து உருளையாகச் சுருட்டுங்கள், முடியும். கூம்பாகச் சுருட்டுங்கள், முடியும். ஒரு பந்தின் மேல் கசங்காமல் படியவையுங்கள்; முடியாது. பிளைவுட்டுக்கும் இதே விதி. ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வளையும். அதனால் பிளைவுட் படகு வரைபவர் உருளை, கூம்பு ஆகியவற்றின் துண்டுகளாலேயே முழு உடலையும் அமைக்க வேண்டும். கரடுமுரடாகத் தோன்றும் எளிய படகுக்குப் பின்னால் இவ்வளவு வடிவியல் இருக்கிறது.

● இதனால் வீட்டில் கட்டுபவருக்கு ஒரு வசதியும் உண்டு. சார்ட் அட்டையில் 12இல் ஒரு பங்கு அளவில் வெட்டி ஒட்டிப் பார்க்கலாம். அட்டை எங்கே முரண்டு பிடிக்கிறதோ, அங்கே பிளைவுட்டும் முரண்டு பிடிக்கும். ஒரு மாலைப்பொழுது செலவாகும். பல ஆயிரம் ரூபாய்ப் பலகை மிச்சமாகும்.

● கடையில் 'வாட்டர் ப்ரூஃப் பிளை' என்று சொன்னால் மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஷீட்டின் மேல் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மெரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம் அது. அதில் தேற, மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு எடுத்த பிறகும் பசை பிடிமானம் விடக் கூடாது. பிரிட்டனில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது பி.எஸ். 1088.

● எபாக்ஸி என்றதும் ஏதோ தொழிற்சாலைச் சமாச்சாரம் என்று தோன்றும். உடைந்த பீங்கானை ஒட்ட வாங்கும் அரால்டைட் டியூப் இரண்டு இருக்கிறதே, அதுவும் எபாக்ஸிதான். ஒன்றில் ரெசின், மற்றதில் ஹார்டனர். படகுக்கு வாங்குவது அதன் நீர்த்த வடிவம், லிட்டர் கணக்கில்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெயின்டில் தின்னர் கலப்பது போலக் கண்ணளவில் கலக்கக் கூடாது. ஹார்டனர் கூடினால் சீக்கிரம் காயும் என்பது தவறு. கூடினாலும் குறைந்தாலும் பிசுபிசுவென்று நிரந்தரமாக நிற்கும். தயாரிப்பாளர் சொன்ன விகிதம் எதுவோ, அதை அளந்தே ஊற்ற வேண்டும். விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அடுத்தது சூடு. இரண்டும் கலந்தவுடன் வினை தொடங்கி வெப்பம் வெளியாகும். குறுகிய டம்ளரில் நிறையக் கலந்து வைத்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் வினையை இன்னும் முடுக்கும். புகை வரும், பிளாஸ்டிக் டம்ளர் உருகும். 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. குளிர்நாட்டுக் குறிப்பேட்டில் 20 நிமிடம் என்று போட்டிருந்தால், சித்திரை வெயிலில் நமக்கு அது கிடைக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிக்கொள்வது நல்லது. அதிகாலை வேலை உத்தமம். கையுறை கட்டாயம். எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், அது ஆயுளுக்கும் போகாமல் இருந்துவிடலாம்.

● காய்ந்த எபாக்ஸியின் மேல் சில சமயம் மெழுகு போல ஒரு படலம் நிற்கும். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் முன் வெறும் தண்ணீரால் கழுவினாலே அது போய்விடும். கழுவாமல் தேய்த்தால் படலம் மரத்தின் மேல் பரவி இன்னும் கெடும்.

● 8 அடி ஷீட்டில் 12 அடிப் படகு எப்படி? பலகைகளின் முனைகளைச் சரிவாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்து ஒட்டுவார்கள். பிளைவுட்டுக்குச் சரிவு 8-க்கு 1. அதாவது 6 மி.மீ. கனமுள்ள பலகையில் 48 மி.மீ. அகலத்துக்குச் சரிவு. ஷீட்டுகளைப் படிக்கட்டுபோல அடுக்கி வைத்து, எல்லாவற்றையும் ஒரே இழைப்பில் சரித்துவிடலாம். பிளைவுட்டின் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். கோடுகள் நேராகவும் ஒரே அகலத்திலும் இருந்தால் இழைப்பு சரி. கோடு வளைந்தால் அந்த இடத்தில் குழி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அளவுகோலே தேவையில்லை, பலகையே சொல்லிவிடும்.

● பழைய படகு வரைபடங்களில் 1-4-3 என்று எண்கள் இருக்கும். 1 அடி, 4 அங்குலம், எட்டில் 3 அங்குலம் என்று படிக்க வேண்டும். இப்படி ஒரு பட்டியல் முழுக்க எண்கள். அவற்றைக் கொண்டு தரையில் முழு அளவில் படகை வரைந்த பிறகுதான் மரத்தைத் தொடுவார்கள். புதிதாகக் கட்ட வந்தவர்கள் பலரும் மிரண்டு ஓடியது இந்தப் படியில்தான்.

● அந்தப் படியை நீக்கியவர்களில் இருவரை அவசியம் சொல்ல வேண்டும். மாசச்சூசெட்ஸ் மாநிலம் குளோஸ்டரைச் சேர்ந்த ஃபிலிப் போல்ஜர் (1927–2009) 600க்கும் மேற்பட்ட படகுகளை வரைந்தவர். மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஹெரால்ட் பேசன் படகு கட்டுபவர். பலகைகளின் வடிவத்தைத் தட்டையாகவே கொடுத்துவிடலாம், பெரிய பட்டறையும் அச்சும் வேண்டாம் என்று போல்ஜர் வரைய, பேசன் அவற்றைக் கட்டிப்பார்த்து, சாதாரண மொழியில் எழுதினார். 1979இல் வந்த அவருடைய 'இன்ஸ்டன்ட் போட்ஸ்' நூல் எத்தனையோ பேரை ரம்பம் எடுக்கவைத்தது. போல்ஜரின் சில படகுகளை அழகு என்று சொல்ல முடியாது. பெட்டி போலவே இருக்கும். ஆனால் கட்டி முடிக்கப்படாமல் ஷெட்டில் தூசி படியும் அழகான படகைவிட, அடுத்த மாதமே தண்ணீரில் மிதக்கும் பெட்டி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

● 2003இல் டேவிட் ரௌத் என்ற அமெரிக்கர் இந்த எண்ணத்தை அதன் எல்லைக்கே கொண்டுபோனார். 'படில் டக்' என்ற அவருடைய பந்தயப் படகு 8 அடி நீளம். கீழே உள்ள 10 அங்குல உடல் மட்டும் எல்லாருக்கும் ஒரே வடிவத்தில் இருந்தால் போதும் என்பது விதி. அதற்கு மேலே பாய், இருக்கை, நிறம் எல்லாம் கட்டுபவரின் விருப்பம்.

● நேர்த்தியான வளைகோடு போட இன்றும் மெல்லிய மரச்சட்டமே சிறந்த கருவி. குறித்த புள்ளிகளில் ஆணியடித்து, சட்டத்தை அவற்றின் மேல் வளைத்து, ஒரு முனையில் குனிந்து நீளவாட்டில் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி தப்பாக அளந்திருந்தால் அந்த இடத்தில் சட்டம் புடைக்கும். ஆணியைப் பிடுங்கிவிட்டால் சட்டம் தானே சரியான இடத்துக்குப் போய்விடும். கப்பல் வரைவாளர்களின் இந்தச் சட்டம் செய்வதைத்தான் கணிதத்தில் 'ஸ்ப்ளைன்' கோடுகள் செய்கின்றன. 1946இல் ஷோன்பெர்க் என்ற கணித அறிஞர் அதற்கு இலக்கணம் வகுத்தார். இன்று கணினியில் கார் வரைவதும் விமானம் வரைவதும் அந்தக் குடும்பக் கோடுகளால்தான்.

● படகு எவ்வளவு தாங்கும்? சுலபமான கணக்கு. தண்ணீர் மட்டத்தில் படகின் பரப்பு 2 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் அது விலக்கும் தண்ணீர் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. 80 கிலோ மனிதர் ஏறினால் படகு 4 சென்டிமீட்டர் இறங்கும்.

இதே கணக்கில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் படகு விலக்கும் எடை எட்டு மடங்கு. செலவும் உழைப்பும் நீளத்தோடு அல்ல, எடையோடுதான் ஏறும். 16 அடிப் படகு 8 அடிப் படகைவிட இரண்டு மடங்கு வேலை என்று நினைத்துத் தொடங்கியவர்கள்தான் பாதியில் நிறுத்துகிறார்கள். முதல் படகு சிறியதாக இருக்கட்டும்.

● மரம் மிதக்கும் என்று நம்பி, தண்ணீர் புகுந்த படகில் உட்கார்ந்திருக்க முடியாது. அது மிதக்கும், உங்களையும் சேர்த்துச் சுமக்காது. அதனால்தான் மிரர் போன்ற படகுகளில் முன்னும் பக்கங்களிலும் காற்றுப் புகாத அறைகள் வைத்தே வரைந்தார்கள். ஒவ்வொரு லிட்டர் காற்றறையும் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும்.

● சிறு படகில் எவ்வளவு பலமாகத் துடுப்புப் போட்டாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகாது. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 9 அடிக்கு ஏறத்தாழ 4 நாட், மணிக்கு 7.4 கிலோமீட்டர். அதற்கு மேல் தானே எழுப்பிய அலையில் படகு சிக்கிக்கொள்ளும்.

● மரப்படகை அதிகம் கெடுப்பது கடல்நீரா, மழைநீரா? மழைநீர்! மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. நல்ல தண்ணீர் ஒரு மூலையில் தேங்கி, காற்றோட்டமும் இல்லாவிட்டால் அங்கேதான் மரம் மெத்தென்று போகும். கடல்நீரின் எதிரி வேறு: கப்பல் புழு. பெயர்தான் புழு. உண்மையில் அது சிப்பி, மட்டி இனத்தைச் சேர்ந்தது, மரத்துக்குள் துளைத்துக்கொண்டே வளரும். அது துளைக்கும் முறையைக் கவனித்துத்தான் மார்க் புரூனெல் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டும் கவச முறையை உருவாக்கினார் என்பார்கள். சிறு படகுக்கு இரண்டு எதிரிகளிடமிருந்தும் தப்ப ஒரே வழி: வேலை முடிந்ததும் கரையேற்றி, காய்ந்த இடத்தில் கவிழ்த்து வைப்பது. கட்டுமரத்தை அவிழ்த்துக் கட்டைகளை வெயிலில் காயவைக்கும் நம் மீனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

● ஒகேனக்கல் பரிசலும் வீட்டுப் படகுதான். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி வட்டக் கூடையாக்கி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தித் தார் பூசுகிறார்கள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டெய்ஃபி ஆற்று மீனவர்களும் மரப் பிளாச்சின் மேல் துணி போர்த்தித் தார் பூசிய இதே வகைப் படகை வைத்திருந்தார்கள். முதுகில் கவிழ்த்துச் சுமந்துபோவது இரண்டு ஊருக்கும் பொது.

● கப்பல் உடைந்துபோக, படகு கட்டிக்கொண்டு வீடு திரும்பியவர் ஒருவர் உண்டு. கேப்டன் ஜோஷுவா ஸ்லோகம் 1887இல் பிரேசில் கரையில் கப்பலை இழந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். கோடாரி, வாய்ச்சி, ரம்பம் என்று கைக்குக் கிடைத்த சில கருவிகளோடு 35 அடிப் படகு ஒன்றைக் கட்டினார். பாய்களைத் தைத்தது மனைவி ஹெட்டி. 1888 மே 13 அன்று, பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட நாளில், படகு தண்ணீரில் இறங்கியது. அதனால் அதற்கு 'லிபர்டாடே' என்று, விடுதலையின் பெயரையே வைத்தார்கள். 5,500 மைல் கடந்து குடும்பம் அமெரிக்கா சேர்ந்தது. பிற்பாடு தனியாளாக உலகைச் சுற்றிய முதல் மனிதராகப் புகழ்பெற்றவர் இவரே. அந்தப் பயணத்துக்கான 'ஸ்ப்ரே' படகையும் ஒரு வயல்வெளியில் வைத்துத் தானே புதுப்பித்தார். பிடித்தது 13 மாதம், செலவு 553 டாலர் 62 சென்ட்.

● ராபர்ட் மேன்ரி கிளீவ்லண்ட் நகரில் ஒரு செய்தித்தாளின் உதவி ஆசிரியர். பழைய 13½ அடி மரப்படகு ஒன்றை வாங்கி, தானே பழுதுபார்த்து, மேலே சிறு அறையும் கட்டி, 1965இல் தனியாக அட்லாண்டிக் கடலைக் கடந்தார். அமெரிக்காவின் ஃபால்மவுத்தில் புறப்பட்டு இங்கிலாந்தின் ஃபால்மவுத்தை அடைய 78 நாள். 'டிங்கர்பெல்' என்ற அந்தப் படகு இன்றும் கிளீவ்லண்டில் பாதுகாக்கப்படுகிறது.

● தனியாகக் கட்டுவது ஒரு சுகம் என்றால், ஊரே கூடிக் கட்டுவது வேறொரு சுகம். ஸ்காட்லாந்தின் ஆன்ஸ்ட்ரதர் ஊரில் உள்ள மீன்பிடி அருங்காட்சியகம், கடலோர ஊர்களில் மறைந்துவிட்ட துடுப்புப் பந்தயத்தை மீட்க விரும்பியது. அதற்காக 2009இல் இயன் ஆட்ரெட் என்ற வடிவமைப்பாளர் 22 அடி நீளத்தில் 'செயின்ட் ஐல்ஸ்' படகை வரைந்தார். நான்கு பேர் துடுப்புப் போட, ஒருவர் சுக்கான் பிடிப்பார். இயந்திரத்தில் வெட்டிய பிளைவுட் துண்டுகள் பெட்டியாக ஊருக்கு வந்து சேரும். ஒட்டுவது, இழைப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் ஊர்க்காரர்கள். துடுப்பை எப்படி அமைப்பது என்பதில் ஊருக்கு ஊர் தனி யோசனை. தாங்கள் கட்டிய படகில்தான் பந்தயம் என்பதால் கிழவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் பட்டறைக்கு வந்தார்கள். 2013இல் உல்லாபூலில் உலகப் போட்டியே நடந்தது. நம் கடலோர ஊர் ஒன்றில், ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையின் கீழ் இப்படி ஒரு படகு எழுவதைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை.

● 'என்சிஐஎஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் கதாநாயகன் கிப்ஸ் வீட்டின் நிலவறையில் மரப்படகு கட்டுவார். அதை எப்படி வெளியே எடுப்பார் என்பது தொடரில் அடிக்கடி எழுந்த கேள்வி. நீங்கள் தொடங்கும் முன் வாசற்கதவை அளந்துவிடுங்கள். படகின் அகலத்தைவிடக் குறைவாக இருந்தாலும், பக்கவாட்டில் சாய்த்தால் வருமா என்று அட்டையில் குறுக்குவெட்டு வெட்டிப் பார்த்துவிடலாம்.

● ஏரியோ குளமோ, அது யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டே படகை இறக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவருக்கும் உயிர்காப்பு உடுப்பு வேண்டும். முதல் நாள் கரையோரமே, இடுப்பளவுத் தண்ணீரில் போதும். படகை வேண்டுமென்றே சாய்த்துக் கவிழ்த்து, திரும்ப நிமிர்த்தி, தண்ணீரை இறைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

● துடுப்பு எவ்வளவு நீளம் வேண்டும்? படகின் இரு ஓரங்களிலும் துடுப்பைத் தாங்கும் கொண்டிகளுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கி, 2 அங்குலம் கூட்டுங்கள். கிடைப்பதை 7 ஆல் வகுத்து 25 ஆல் பெருக்குங்கள். கொண்டிகளுக்கு இடையே 48 அங்குலம் என்றால் 24, அதோடு 2, மொத்தம் 26. துடுப்பின் நீளம் ஏறத்தாழ 93 அங்குலம், அதாவது 7 அடி 9 அங்குலம். 8 அடிச் சட்டத்தில் மூன்று அங்குலம் மிச்சத்தோடு வெட்டிவிடலாம். முடிச்சில்லாத, நேர்நாரான மரமாகப் பார்த்து வாங்குங்கள்.